அக்கா வீட்டு மாடியில் தூசி மிஷின்

அலுவலகத்தில் அவருக்குத் தூசியார் என்று பெயர். எங்கே புழுதி கிளம்புகிறதோ அங்கே மிஷினைக் கொண்டுபோய் வைத்து, காற்றில் எவ்வளவு தூசி என்று அளந்து சொல்வதுதான் பிழைப்பு. கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டுக்கு விருந்துக்குப் போன இடத்திலேயே பழக்க தோஷத்தில் ஜன்னல் விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, மாமியாரின் முகத்தைத் தொங்கவைத்த மனிதர். "என்னைப் பார்த்ததைவிட எங்க வீட்டு ஜன்னலைப் பார்த்ததுதான் ஜாஸ்தி" என்று மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

இந்த முறை வேலை அவருடைய அக்கா குடியிருக்கும் தெருவுக்கே வந்துவிட்டது. தெருவை ஒட்டி ஒரு கல் குவாரி. அதைத் தாண்டி, சற்றுத் தள்ளி, காடு. குவாரிக்காரர்கள் தெருப்பக்கமாக இன்னும் தோண்ட அனுமதி கேட்டிருந்தார்கள். வீடுகளுக்கும் காட்டுக்கும் என்ன பாதிப்பு என்று பார்த்துச் சொல்ல வேண்டியது தூசியாரின் கம்பெனி. தூசி குறைவு என்று வந்தால் அனுமதி கிடைத்துவிடும், அக்கா வீட்டுக் கொல்லையிலேயே வெடி வைப்பார்கள். அக்காவுக்கு ஏற்கெனவே மூச்சிழுப்பு.

மிஷினுக்குக் கரண்டும் வேண்டும், திருட்டுப் போகாத இடமும் வேண்டும். அக்கா வீட்டு மொட்டைமாடியில் ஒன்றை வைத்தார். இன்னொன்றைக் காட்டோரம் வனக்காவலரின் அறை வாசலில் வைத்தார். உள்ளே ஒரு வெள்ளைத் தாள் இருக்கும். மிஷின் காற்றை இழுக்க இழுக்க அதில் தூசி படியும். தாளை எடுத்து எடை போட்டால் கணக்குத் தெரிந்துவிடும்.

கணக்குத்தான் அவர் மண்டையைக் காய வைத்தது. தள்ளியிருக்கும் காட்டில் தாள் சாம்பல் நிறமாக வந்தது. குவாரியை ஒட்டியிருக்கும் அக்கா வீட்டிலோ கடையில் வாங்கிய மாதிரியே இருந்தது. மிஷின் கோளாறு என்று நினைத்து இரண்டையும் இடம் மாற்றினார். மறுபடியும் காடு சாம்பல், வீடு வெள்ளை. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்தார். வீட்டுப் பக்கம்தான். தராசைச் சந்தேகப்பட்டார், தாளைச் சந்தேகப்பட்டார், கடைசியில் தன் கண்ணையே சந்தேகப்பட்டுக் கண் டாக்டரிடம் போய் வந்தார். கண்ணில் ஒரு குறையும் இல்லை.

"அப்புறம் என்ன சார்? வீடுகளுக்குப் பாதிப்பு இல்லைன்னு எழுதிடலாமே" என்றார் மேலாளர். இன்னும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்றார் தூசியார்.

வழக்கமாக மத்தியானம் போய்த் தாள் மாற்றுகிறவர், ஒருநாள் விடிந்தும் விடியாததுமாகச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றார். தெரு முழுக்க ஈரம். ஆளுக்கொரு வாளி. லாரி போகிற மண் பாதையில் ஒருவர் குழாய் பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா மாடியில் கைப்பிடிச் சுவரை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா பண்றீங்க எல்லாரும்?"

"நீ மிஷின் வெச்சதுலேருந்து இதான்டா வேலை. தெரு சுத்தம்னு மார்க் வந்தாத்தானே இங்க குவாரி வேண்டாம்னு சொல்வாங்க? அழுக்குத் தெருன்னு தெரிஞ்சா, கெட்டது கெட்டாச்சு, இன்னும் தோண்டிக்கோன்னு விட்டுடுவாங்க."

தூசியாருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மிஷின் எதற்கு என்று அவர் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. சொந்த அக்காதானே என்று கரண்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"காட்டுல எப்படி?" என்று கேட்டார் அக்காவின் கணவர்.

"அங்க ஏகப்பட்ட தூசி மாமா."

"இருக்காதா பின்னே? காட்டைக் கழுவிவிட ஆள் ஏது?"

விஷயத்தை விளக்கியதும் பக்கத்து வீட்டுத் தையல்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப வேணும்னே புழுதியைக் கிளப்பிக் காட்டச் சொல்றீங்களா? அது ஏமாத்து வேலை இல்லையா?"

எது ஏமாற்று, தண்ணீர் ஊற்றுவதா ஊற்றாமல் இருப்பதா என்று ஒரு நிமிஷம் தூசியாருக்கே பிடிபடவில்லை. "மிஷின் வர்றதுக்கு முன்னாடி எப்படி இருந்தீங்களோ அப்படியே இருங்க, போதும்" என்றார், பாதி நம்பிக்கையோடு.

இதைக் கேட்ட மேலாளர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "உங்க அக்கா வீடுன்னு வெளிய தெரிஞ்சா மானம் போயிடும். வேற மாடிக்கு மாத்துங்க. ஒரு வாரம் தர்றேன், அதுக்கு மேல கிடையாது."

மிஷின் தையல்காரர் வீட்டு மாடிக்கு ஏறியது. வாளிகள் கவிழ்ந்தன. வாரத்தின் நடுவில் எடுத்த தாள் காட்டுத் தாளைவிடக் கறுத்திருந்தது. தூசியாருக்கு ஒரே சந்தோஷம். தாளை உறையில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினார்.

அக்கா கட்டில் விளிம்பில், முழங்காலில் கைகளை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது.

"வந்துடுச்சாடா?"

"வந்துடுச்சுக்கா. நல்லா வந்திருக்கு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

"தண்ணி ஊத்தின நாள்லதான்டா நான் ராத்திரி முழுசாத் தூங்கினேன்" என்றாள் அக்கா, மூச்சு வாங்கி வாங்கி. "இன்னிக்கு மட்டும் வாசல்ல ஒரு வாளி ஊத்திக்கட்டுமா?"

ஊத்துக்கா என்று சொல்லத்தான் வாய் வந்தது. வாரம் இன்னும் முடியவில்லை.

"வேண்டாம்கா" என்றார்.