ஏழு வீடுகளும் ஒரு விலாசமும்

சரிபார்ப்புப் பிரிவுக்குப் போன நிரோஜினியின் பைல் திரும்பி என் மேசைக்கு வந்தபோது, அதன் முகப்பில் ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. விண்ணப்பத்தில் கொடுத்த விலாசம் உண்மையல்ல, இரண்டு கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் வராவிட்டால் பைல் மூடப்படும் என்று அதில் இருந்தது. படையில் சேர வருகிற பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஓட்டத்தில் தவறினால் இன்னொரு முறை ஓடலாம். பொய் சொன்னவள் என்று பெயர் விழுந்தால் பிறகு எந்தக் கதவைத் தட்டுவது?

மொன்ட்ரியாலில் கனடியப் படைக்கு ஆள் சேர்க்கும் அலுவலகத்தில், பென்சனில் இளைப்பாறும்வரை நான் பைல் கிளார்க். யூனிபோர்ம் போடாத வேலை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான். பிரெஞ்சை ஒரு தெருமுனைத் தெப்பனர் கடைக் கவுண்டரில் நின்று, பாலும் சிகரெட்டும் விற்றுக்கொண்டே பிடித்தேன். வாய்தான் எனக்குச் சோறு போட்டது. மற்றவர்களின் வாயைக் கேட்பதிலும் எனக்கு ஆசை அதிகம்.

கவுண்டரில் கேட்டவை

வேலைக்குச் சேர்ந்த நாள் முதல், ஏன் படைக்கு வருகிறாய் என்ற கேள்விக்குப் பிள்ளைகள் சொல்லும் பதில்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். ஒருவன் சொன்னான்: "அன்ரி, அண்ணை ஐ.டி.யில இருந்து இருந்து கதிரையின்ர வடிவத்துக்கே வந்திட்டான். எனக்கு ஓடவேணும்." சென்னையிலிருந்து படிக்க வந்த ஒரு பையன், "ஆன்ட்டி, பி.ஆர். வந்தா போதும்ல? சிட்டிசன் ஆகுறதுக்குள்ள எனக்கு முடி கொட்டிடும்" என்றான். நிரந்தர வதிவிடம் போதும் என்றேன். தலையைத் தடவிக்கொண்டு போனான்.

நிரோஜினி சொன்னது வேறு. பத்தொன்பது வயது. சேஜெப் கல்லூரியில் விமானத் திருத்த வேலை படித்து முடித்தவள். "பிளேனை எல்லாரும் அண்ணாந்து பாப்பினம் அன்ரி. நான் கீழ படுத்துக் கிடந்து பாக்கவேணும்" என்றாள். படையின் விமானத் தொழில்நுட்பவியலாளர் வேலைக்குத்தான் விண்ணப்பித்திருந்தாள். பரீட்சை, மருத்துவம், நேர்முகம் எல்லாம் பாஸ்.

மாமா சொன்ன உண்மை

விண்ணப்பத்தில் பத்து வருடத்து விலாசங்களைக் கேட்பார்கள். அவள் ஒன்றே ஒன்று எழுதியிருந்தாள்: மொன்ட்ரியால்-நோரில் மாமாவின் சொந்த வீடு. விசாரித்தவர்கள் மாமாவுக்கே போன் எடுத்திருக்கிறார்கள். மாமா பொய் பேசாத மனிதர். "அவள் இஞ்ச இருந்ததே இல்லை. ஞாயிறு பூசை முடிய வந்து கடிதம் எடுத்துக்கொண்டு போவாள்" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்களுக்கு இது விளங்கும். பார்க் எக்ஸ்டென்ஷனில் வாடகைக்கு இருக்கும் குடும்பம், லீஸ் முடிகிற யூலை முதலாம் திகதி வந்தால் மெத்தையைத் தூக்கும். ஒவ்வொரு முறையும் கடிதம் தொலையும். ஆகவே சொந்த வீடு வாங்கிய ஒரு உறவினரின் விலாசம்தான் பாங்குக்கும் பள்ளிக்கும் எல்லாவற்றுக்கும். விலாசம் என்றால் கடிதம் வந்து சேரும் இடம். அப்படித்தான் அவளும் நினைத்திருந்தாள்.

எங்கள் அலுவலகத்தில் இந்தப் பைல்களுக்குப் பொறுப்பான சார்ஜன்ட் லுக்கிடம் இதைச் சொன்னேன். அவர் பிரெஞ்சில் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன். "மதாம், கதை வடிவா இருக்கு. ஆனா எனக்குக் கதை வேண்டாம். எந்த வீடு, எந்தத் திகதி, ஆர் சாட்சி. அதைக் கொண்டு வரச் சொல்லுங்கோ."

நிரோஜினியைக் கூப்பிட்டேன். மஞ்சள் தாளை வாசித்துவிட்டு விரல் மடக்கி எண்ணினாள். "ஏழு வீடு அன்ரி. எனக்கு மூண்டு கூட ஞாபகமில்லை. லீஸ் எல்லாம் அப்பாட்டத்தான். அவரிட்டக் கேட்டா, நல்லதாப் போச்சு, பார்மசி படி எண்டுவார்."

"நீதான் கேக்கவேணும், பிள்ளை. நான் கேட்டா அது சரியில்லை."

பை

நாலு நாளுக்குப் பிறகு தகப்பன் தனியாக வந்தார். மரியதாஸ், மன்னார்க்காரர். புவாண்ட்-கிளேரில் வெயார்ஹவுஸ் வேலை முடித்து, முனையில் இரும்பு வைத்த சப்பாத்தோடு நேரே வந்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதை மேசையில் வைக்கவில்லை.

"அக்கா, இதை நான் தராட்டி?"

"பைலை மூடுவினம், தம்பி."

"அப்ப என்ர கையிலதான் இருக்கு."

"ஓம். உங்கட கையிலதான்."

பையை மற்றக் கைக்கு மாற்றினார். "ஊரில ஆமியின்ர செக்பொயின்ரில நிண்டு நிண்டே என்ர இளமை போச்சு. அந்த உடுப்பை இவள் போடப் போறாளாம். ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லுங்கோ. துவக்குக் குடுப்பினமோ?"

துப்பாக்கிப் பேச்சே இல்லை, பெரிய கராஜ் வேலை மாதிரித்தான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் பை உடனே மேசைக்கு வந்திருக்கும். அந்த முகத்தைப் பார்த்தபின் முடியவில்லை.

"வேலை பிளேன் திருத்திறதுதான். ஆனா படையில சேந்த எல்லாருக்கும் துவக்கும் பழக்குவினம். தூர இடத்துக்குப் போகச் சொன்னாப் போகவும் வேணும்."

அவர் கதிரையில் இருந்துவிட்டார். பிறகு போனை எடுத்து மகளை வரச் சொன்னார். அவள் மெட்ரோவில் ஓடிவந்து மூச்சு வாங்க நின்று, தகப்பன் கேட்குமுன் தானே சொன்னாள்.

"அப்பா... அங்க துவக்கும் பழக்குவினம்."

"அக்கா சொல்லீட்டா. நீ ஏனடி சொல்லேல்லை?"

"நீங்கள் அழுவீங்கள் எண்டு."

"அழுவன்தான். அதுக்காக மறைக்கிறதே? கராஜ், கராஜ் எண்டாய். நீ ஒளிக்க ஒளிக்கத்தான் எனக்குப் பயம் கூடினது. இரு. எழுது."

பையிலிருந்து ஏழு லீஸும் வந்தன, வருட ஒழுங்கில், ரப்பர் வளையம் போட்டு. அவர் வாசிக்க அவள் எழுதினாள். ஒரு வீட்டில் சுடுதண்ணி வராது. இன்னொன்றை உரிமையாளர் தன் மகனுக்கென்று திருப்பிக் கேட்டார்.

"அப்பா, மூட்டைப்பூச்சி வீடு எது?"

"எதெண்டு கேக்காதை. எது இல்லை எண்டு கேள்."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடைசித் தாளில் அவர் தன் கையாலேயே ஆங்கிலத்தில் எழுதினார்: வீடு மாறியது நான். கடிதத்தை மச்சான் வீட்டுக்குப் போகச் சொன்னதும் நான். என் மகள் பொய் சொல்லவில்லை.

சார்ஜன்ட் அதை இரண்டு தரம் வாசித்தார். "மதாம், இந்தாளையும் சேத்து எடுக்கேலாதோ?" என்றார். அடுத்த மாதம் சரிபார்ப்பு முடிந்து பைல் பச்சைத் தாளோடு வந்தது.

அவள் உறுதிமொழி எடுத்த நாளில் மரியதாஸ் கோட் போட்டு வந்து முன் வரிசையில் இருந்தார். மகள் வலது கையை உயர்த்தியதும் அவர் கண்ணீரைத் துடைக்கவில்லை. பக்கத்தில் இருந்த, முன்பின் தெரியாத ஹெயிட்டிக்கார அம்மாவின் தோளைத் தட்டி, "மா ஃபீய், மா ஃபீய்" என்று காட்டினார். என் மகள், என் மகள். அந்த அம்மாவும் தன் மகனைக் காட்டினார். எனக்கு என் சொந்தப் பிள்ளை மேடை ஏறியது போலிருந்தது.

அதற்குப் பிறகு கவுண்டருக்கு வந்த ஒவ்வொரு பிள்ளையிடமும் இரண்டு விஷயம் சொன்னேன். படுத்தெழும்பின வீட்டை எழுது, கடிதம் வந்த வீட்டை அல்ல. வீட்டில் துவக்கைப் பற்றிச் சொல்லாவிட்டால், அதைச் சொல்லிவிட்டு வா. சிலர் பிறகு வரவில்லை. வந்தவர்களில் பலர் அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கும் கதிரை போடுவது என் வேலை என்று என் கொப்பியில் நானே எழுதிக்கொண்டேன்.