நட்சத்திரம் போட்ட ஒலி

தம்பியின் ஆராய்ச்சிப் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு தொடங்க இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. அக்கா தாழ்வாரத்துக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தையல் கூடத்தில் சட்டைக்குக் காலர் வைப்பவள் அவள். இரண்டு முனையையும் ஒன்றன்மேல் ஒன்று மடித்துப் பார்ப்பாள். நூலளவு பிசகினாலும் பிரித்துவிடுவாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். தம்பி என்ன படிக்கிறான் என்பதை யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவாள்.

"ஒரு அம்மாவுக்கு நாலு பொண்ணுங்க. அம்மாவை யாரும் பார்த்ததில்ல, போட்டோவும் கிடையாது. நாலு பேரோட மூக்கையும் வச்சு அம்மா மூக்கு எப்படி இருந்திருக்கும்னு சொல்றதுதான்க்கா என் வேலை" என்று அவன் ஒருமுறை விளக்கியிருந்தான். மூக்குக்குப் பதில் ஒலி. எழுத்தே இல்லாமல் செத்துப்போன ஒரு தாய்மொழி எப்படி ஒலித்திருக்கும் என்று, இன்றும் பேசப்படும் அதன் நான்கு மகள்மொழிகளை ஒப்பிட்டுக் கண்டுபிடிப்பது. யாரும் காதால் கேட்டறியாத, கணக்கால் மட்டும் எட்டிய சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் போடுவார்கள். வாத்தியார் மெச்சிப் போட்ட நட்சத்திரம் என்று நினைத்து, அதைத் தையல் கூடம் முழுக்கச் சொல்லி மானத்தை வாங்கியிருந்தாள் அக்கா.

தம்பி பெரிதாகக் கண்டது ஒன்றுதான். மூன்று மகள்களும் 'ஸ' என்று சொல்லும் இடத்தில், நான்காவதான ஆற்றோர மொழி சில சொற்களில் 'ஸ' என்றது. சிலவற்றில் நாக்கு நுனியில் காற்று கசிவது போன்ற வேறோர் ஒலி. ஏன் அப்படிப் பிரிந்தது என்பதற்கு எந்த விதியும் சிக்கவில்லை. ஆகவே தாயிடமே இரண்டு ஒலிகள் இருந்திருக்கின்றன என்று முடிவு கட்டினான். அதைப் படித்துப் பார்த்துத்தான் வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்று, பட்டம் வந்ததும் வேலை என்று சொல்லியிருந்தது.

ஆற்றோர மொழியை அவனுக்குப் பேசிக்காட்டியவர் ஒரு படகுக்காரர். அவர் இதைப் பார்க்க வேண்டாமா என்று அக்காவே போய் அவரைப் பஸ்ஸில் அழைத்து வந்திருந்தாள்.

தாழ்வாரத்தில் தம்பியைக் கண்டதும் படகுக்காரர் வாய் நிறையச் சிரித்தார். "என்ன வாத்தியாரே, ஆள் தெரியலையா?"

"பல்லு..."

"கட்டினது! நீங்க வந்துட்டுப் போனப்புறம் மக கட்டிவிட்டா. மாப்பிள்ளை மாதிரி இல்ல?"

தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. அக்காவை மாடிப்படி ஓரம் இழுத்துப் போனான்.

"பாதி வார்த்தைய நேர்ல பதிவு பண்ணேன். அப்போ அவருக்கு முன்பல்லே இல்ல. அப்புறம் ஆத்துல வெள்ளம், போக முடியல. மீதிய போன்லயே பேசி அனுப்பினார். அதெல்லாம் பல்லு கட்டினப்புறம்க்கா."

"அதனால என்னடா?"

"பல்லு இல்லாத பாதியில காத்து கசியுது. பல்லு இருக்கிற பாதியில 'ஸ'. அதைப் போய் நான் ரெண்டு ஒலின்னு எழுதி வச்சிருக்கேன்."

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். "யாருக்குடா தெரியப்போவுது? நான் பெரியவரைக் கேன்டீனுக்குத் தள்ளிட்டுப் போறேன்."

"காலர் கோணலா இருந்தா அப்படியே இஸ்திரி போட்டு அனுப்பிடுவியா?"

"அது சட்டைடா. இது உன் சோறு!"

அவன் கதவுப் பக்கம் திரும்பினான். உள்ளே கூப்பிட்டார்கள்; அக்காவும் படகுக்காரரும் பின்னால் போய் உட்கார்ந்தார்கள்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா முதல் கேள்வியைத் தொடங்கும் முன்பே அவன் எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். வழிகாட்டிப் பேராசிரியர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பிறகு தம்பி படகுக்காரரை முன்னால் அழைத்தான்.

அவர் கூச்சத்தோடு பல்லைக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்தார். முன்பு போனில் அனுப்பிய சொற்களைத் தம்பி ஒவ்வொன்றாகக் கேட்டான். ஒன்றிலாவது 'ஸ' நிற்காதா என்று அக்கா சேலை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றிலும் காற்றே கசிந்தது. பல்லை மாட்டிக்கொண்டு முதல் பாதிச் சொற்களைச் சொன்னார். எல்லாமே பளிச்சென்று 'ஸ'.

"அப்போ ரெண்டு ஒலின்னு சொல்ற நாலாவது அத்தியாயம்?" என்றார் தேர்வாளர்.

"எடுத்துடணும்மா."

"எடுத்துட்டா மீதி நிக்குமா?"

"தெரியலம்மா. மறுபடி பதிவு பண்ணித்தான் பார்க்கணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "திருத்தி எழுதுங்க. மறுபடி உட்காருவோம். இன்னிக்குப் பட்டம்னு என்னால எழுத முடியாது."

"அந்த வேலை காத்திருக்குமா சார்?" என்று கேட்டே விட்டாள் அக்கா. வழிகாட்டி கையை விரித்தார்.

வெளியே மரத்தடியில் படகுக்காரர் குற்றவாளி போல நின்றார். "என் பல்லால உங்க படிப்பு போச்சா வாத்தியாரே?"

"உங்க பல்லு நல்லாத்தான் இருக்கு. நான்தான் வாயைப் பார்க்காம காதை மட்டும் நம்பிட்டேன்." சொல்லிக்கொண்டே தம்பி வேலை தருவதாகச் சொன்ன பல்கலைக்கழகத்துக்கு, நடந்ததையெல்லாம் போனில் மெயிலாக எழுதினான்.

"நாளைக்குச் சொன்னா குடியா முழுகிடும்?" என்றாள் அக்கா. அவன் விரல் சற்று நின்றது. பிறகு அனுப்பிவிட்டான்.

 திட்ட வாயெடுத்த அக்கா படகுக்காரர் பக்கம் திரும்பினாள். "பெரியவரே, உங்க பாஷை பேசறவங்க, சொந்தப் பல்லோட, வேற யாராச்சும் இருக்காங்களா?"

அவர் யோசித்தார். "அக்கரையில என் தங்கச்சி இருக்கா. பல்லெல்லாம் கெட்டி. ஆனா நான்னா மூஞ்சியத் திருப்பிக்குவா."

"எங்களோட பேசுவாங்கள்ல?"

"சொல்ல முடியாதும்மா. அவ குணம் அப்படி."

அக்கரைக்கு எந்த பஸ் போகும் என்று அக்கா கேட்டாள். தம்பி போனையே பார்த்துக்கொண்டிருந்தான். பதில் எதுவும் வரவில்லை.