உடம்பு ரெடியா?

எந்த இடத்துக்குப் போனாலும் அவள் முதலில் பார்ப்பது தரையைத்தான். கல்யாண மண்டபமோ, ஆஸ்பத்திரி வராந்தாவோ, வாசலிலேயே நின்று குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டுவாள். வழுக்குமா, எந்த மூலை மண்டையைப் பிளக்கும் என்று மனதுக்குள் குறித்துக்கொண்ட பிறகுதான் நிமிர்ந்து ஆட்களைப் பார்த்துச் சிரிப்பாள். அதற்குள் பாதிப் பேர் திமிர் பிடித்தவள் என்று முடிவு கட்டியிருப்பார்கள். “மூஞ்சி எங்கயும் ஓடிடாதுங்க. தரைதான் ஆளை ஏமாத்தும்” என்பாள்.

விழுவதுதான் அவள் தொழில். பதினாறு வருஷமாகச் சினிமாவில் டூப். உலகத்தைக் காப்பாற்றும் வீரர்கள் கூட்டமாக வருகிற அந்தப் படத்தொடரில், வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த பெண் தளபதி ஒருத்தி உண்டு. செம்பு நிறத் தோல், பிடரியில் முள் வரிசை, கையில் இருமுனை ஈட்டி. தளபதி பேசும்போது அது நடிகை. பாயும்போதும், சுவரை உடைத்துக்கொண்டு விழும்போதும் இவள். நாற்பது வயதாகிறது. மழை வரப்போவதை இடது தோள்பட்டை முதல் நாளே சொல்லிவிடும். காதுமடலுக்குப் பின்னால் செம்புச் சாயம் எப்போதும் கொஞ்சம் மிச்சமிருக்கும். காய்கறிக் கடைக்காரர் ஒருமுறை, “என்னம்மா, துரு ஏறுது?” என்றார். “உங்க தராசை விடக் கம்மிதான்” என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காயைப் பொறுக்கினாள்.

படப்பிடிப்பில் நடிகைக்குப் பெயர் ‘முகம்’. இவளுக்கு ‘உடம்பு’. “முகம் ரெடியா? உடம்பு ரெடியா?” என்று மைக்கில் கூவுவார்கள். முதல் இரண்டு படங்களில் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஓட்டிவிட்டாள்.

மூன்றாவது படத்துக்குப் புது உடை வந்தது. கோட்டை உச்சியிலிருந்து தளபதியும் அவள் படையைச் சேர்ந்த ஆறு பெண்களும் இருபத்தெட்டுப் படி உருண்டு கீழே வர வேண்டும். ஆண் வீரர்களுக்குக் கழுத்திலிருந்து முழங்கால் வரை கவசம். உள்ளே ஒரு மெத்தையையே சுருட்டி வைக்கலாம். பெண்களுக்கு மார்புக்கு ஒரு தகடு, இடுப்புக்கு ஒரு தகடு. நடுவில் வயிறும் முதுகும் வெறுந்தோல்.

அவள் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, “மீதி எங்க?” என்று கேட்டாள்.

“அவ்வளவுதான், டிசைனே அதான்” என்றார் உடை வடிவமைப்பாளர்.

“அடி தாங்கற பேட் எங்க வைக்கறது?”

“பேட் வெச்சா இடுப்பு தடிச்சுத் தெரியும்மா.”

“ஏங்க, அந்தக் கிரகத்துல ஈட்டி ஆம்பள வயித்துல மட்டும்தான் குத்துமா?”

டைரக்டர் குறுக்கே வந்தார். “ரசிகர்கள் எதிர்பார்க்கறாங்க, புரிஞ்சுக்குங்க.”

“எதை சார்? விழறதையா, தொப்புளையா?”

விளக்குக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். ஆறு பெண்கள் சிரிக்கவில்லை. எல்லோரும் தொழிலுக்குப் புதிது. மூத்தவளுக்கே இருபத்து மூன்று வயதுதான். ஒருத்தி தன் வெறும் வயிற்றைக் கையால் பொத்திக்கொண்டு இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் தனியாக இருந்திருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு விழுந்திருப்பாள். இதைவிட மோசமாகவும் விழுந்தவள்தான். “நான் சரின்னா, அந்த ஆறு பேருக்கும் சேர்த்து சரின்னு ஆயிடுமே” என்று பிறகு சொன்னாள். டைரக்டரிடம் முடியாது என்றாள். சண்டை மாஸ்டர் செருப்பு நுனியைப் பார்த்தபடி நின்றார். “சரி, நாளைக்கு வேற ஆள் பார்த்துக்கறோம்” என்றார் மேனேஜர்.

அந்த வேறு ஆள் யார் என்பது சாயங்காலமே தெரிந்துவிட்டது. அவள் புருஷன். அவனும் டூப்தான், கொடிபோல உடம்பு. ஒரு காலத்தில் நடிகைகளுக்காக விழுந்ததெல்லாம் விக் வைத்த ஆண்கள்தான். அவர்களை ஓரங்கட்டிவிட்டு அந்த இடத்தில் நிற்க அவளுக்கு எட்டு வருஷம் பிடித்திருந்தது. அவன் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஈரச் சட்டையைத் தோளில் போட்டபடி உள்ளே வந்தான். மகளின் வீட்டுப்பாடத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள் அவள்.

“உன் வேஷத்துக்கு... என்னைக் கூப்பிடறாங்க.”

“விக் வெச்சுக்கிட்டா?”

“ம்.”

“போங்க. போய் என்ன உடுப்புதான் குடுக்கறாங்கன்னு பாருங்க.”

“கோவமா?”

“கொதிக்குது. உங்க மேல இல்ல.”

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஒப்பனை அறையிலிருந்து அவன் கூப்பிட்டான். “கிளம்பி வா. நீ இதைப் பார்க்கணும்.”

அவன் மேலுடம்பு முழுவதும் செம்பு நிற ரப்பர்த் தோல். உள்ளே முதுகெலும்பு நெடுக, விலா, இடுப்பு எல்லாம் கட்டைவிரல் தடிமனுக்கு ஃபோம். வெளியே பார்த்தால் அசல் வெறும் உடம்பு. “தொப்புள் கூட வரைஞ்சிருக்காங்க” என்றான் கூச்சத்தோடு.

அவள் வடிவமைப்பாளரைப் பார்த்தாள். “இப்ப இடுப்பு தடிச்சுத் தெரியலையா?”

“அது வந்தும்மா... அவரை வெறும் உடம்போட விட்டா ஆம்பளன்னு தெரிஞ்சிடும். அதனாலதான் நேத்தே உட்கார்ந்து தைச்சோம்.”

“ஆம்பளன்னு தெரியக்கூடாதுன்னா ஒரே நாள்ல தோல் தைப்பீங்க. எங்க எலும்பு உடையக்கூடாதுன்னா தைக்க மாட்டீங்க. அப்படித்தானே?”

புருஷன் முதுகுப்பக்க ஜிப்பை இறக்கி, தோலைக் கழற்றி, அவள் கையில் கொடுத்தான். அவள் போட்டுக்கொண்டதும், தோளில் தொளதொளத்த இடத்தில் தானே இரண்டு தையல் போட்டுவிட்டான்.

அவள் இருபத்தெட்டுப் படியும் ஏறினாள். மேலே ஆறு பெண்களும் நேற்றைய தகடுகளோடு நின்றுகொண்டிருந்தார்கள். கீழே மைக் கரகரத்தது. “உடம்பு ரெடியா?”

ஈட்டியைக் கீழே வைத்துவிட்டு, மேல்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“ஒரு உடம்புதான் ரெடி! இன்னும் ஆறு உடம்புக்குத் தோல் வரணும்!”

மேனேஜர் கத்தினார். இனி எந்தப் படத்திலும் வேலை கிடையாது என்றார். மேலே, வயிற்றைப் பொத்திக்கொண்டு நின்ற பெண் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு மற்றவர்களும். நடிகை கேரவனிலிருந்து வந்து எட்டிப் பார்த்து, “தைச்சு முடிச்சதும் கூப்பிடுங்க” என்று திரும்பிப் போய்விட்டாள். முந்தின நாள் வாயே திறக்காத சண்டை மாஸ்டர் படிகளை ஒருமுறை ஏறி இறங்கிவிட்டு டைரக்டரிடம் வந்தார். “சார், ஒரு பொண்ணுக்கு முதுகு போனா நான் யாருக்கும் பதில் சொல்ல முடியாது. அவங்க கேக்கறது நியாயம்.”

நாலு மணிக்கு ஆறு தோலும் வந்தன, பசை வாசனை போகாமலே. ஏழு பேரும் உருண்டார்கள். ஒருத்திக்குக் கணுக்கால் பிசகியது; அதோடு போயிற்று.

படம் வெளிவந்தபோது வடிவமைப்பாளர் பேட்டி கொடுத்தார். போர்ப்பெண்களுக்கு ரப்பர்த் தோல் அணிவிக்க வேண்டும் என்பது தன் நெடுநாள் கனவு என்றார். அவள் டி.வி.யை அணைத்தாள். “நம்ம தோலை உரிச்சு அவன் போட்டுக்கிட்டான் பாருங்க” என்றாள் புருஷனிடம். அன்று முழுக்க வீட்டில் பாத்திரங்கள் பேசின.

ஞாயிற்றுக்கிழமை மூவருமாகத் தியேட்டருக்குப் போனார்கள். அந்தக் காட்சி திரையில் அரை நிமிஷம்கூட இல்லை. விசில் கூரையைப் பிய்த்தது. மகள் அவள் கையைப் பிடித்து உலுக்கினாள். “அம்மா, முதல்ல விழறது நீதானே?”

அவள் முதலில் விழுகிறவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் உருண்டு வந்தவர்கள் அடிவாரத்தில் ஒவ்வொருத்தியாக எழுந்து நிற்க நிற்க, மடியில் கிடந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். வலது கை முடிந்து, இடது கட்டைவிரலும் மடங்கிய பிறகுதான் மூச்சை விட்டாள்.