மச்சான் குடித்த ஊதாப் பொடி

காலை ஆறு நாற்பது. முதலில் கண்ணில் பட்டது மச்சானின் இடது கால்: சுண்டுவிரலில் சுற்றிய துணி, அதில் மஞ்சளாக ஈரம். அதற்குப் பிறகுதான் கடை முகப்பில் அடுக்கியிருந்த ஊதா டப்பாக்களைப் பார்த்தேன்.

மச்சான் என் தங்கையின் கணவர். கோவிந்தாபுரத்தில் பலசரக்குக் கடை. பல வருடமாகச் சர்க்கரை நோய். புதுச் சரக்கு எது வந்தாலும் முதலில் வீட்டில் சாப்பிட்டுப் பார்த்த பிறகே விற்பது அவர்கள் குடும்ப வழக்கம். புளிக்கும் பருப்புக்கும் நல்ல வழக்கம்தான்.

ஊதாப் பொடி முதுமையைத் தடுக்குமாம். டப்பாவோடு வந்த துண்டுப் பிரசுரத்தை வாசித்தேன். பாதி உண்மை, எதிர்பார்க்கவில்லை. உயிரணுக்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய உறுப்புகள் உணவிலிருந்து ஆற்றல் எடுக்கின்றன. அங்குள்ள புரதங்கள் எலக்ட்ரான்களைக் கைமாற்றி அனுப்புகின்றன. சில எலக்ட்ரான்கள் நடுவழியில் நழுவி ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டால், அக்கம்பக்கத்தில் உள்ளதையெல்லாம் தாக்கும் மூலக்கூறுகள் பிறக்கின்றன. பொடி அவற்றைத் துடைத்துவிடும் என்பது மீதிப் பாதி. அதற்கு ஆதாரமாக வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவரின் படம் இருந்தது.

ரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் அந்த எலக்ட்ரான் கசிவும் கூடலாம் என்பதைப் பிரசுரம் சொல்லவில்லை. இடம் போதவில்லை போலும், படம் பெரியது.

தங்கை என்னை அடுக்களைக்கு அழைத்தாள். நோன்பு முடிந்து இந்தப் பொடி வந்ததிலிருந்து அவர் சர்க்கரை மாத்திரையைத் தொடுவதே இல்லை என்றாள். வெளியே வந்து, மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். அவரும் என்னை மச்சான் என்றுதான் அழைப்பார்.

"ரெண்டையும் சாப்பிட்டா எது வேலை செஞ்சுதுன்னு எப்படிங்க மச்சான் தெரியும்? வாங்கறவங்க கேட்டா நான் என்னத்தச் சொல்றது?"

இவ்வளவு நேர்மை ஆராய்ச்சிக்கூடங்களிலேயே அரிது. கசிவைக் கூட்டும் சர்க்கரையை அவிழ்த்துவிட்டு, கசிவைத் துடைக்கக் காலையும் மாலையும் ஊதாத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். விரலில் இருப்பது செருப்புக் கடி என்றார். வலியே இல்லையாம். அந்தப் பெருமையையும் பொடிக்கே கொடுத்திருந்தார்.

தங்கை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "ஏனுங்க, சரக்கு ருசி பாத்து முடிஞ்சுதுங்களா? ஆட்டோ நிக்குது, ஏறுங்க."

பாலக்காட்டில் டாக்டர் துணியை அவிழ்த்தார். மச்சான் அவருக்கு மைட்டோகாண்ட்ரியாவை விளக்கினார். டாக்டர் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டே விரலை அழுத்தி, தெரிகிறதா என்றார். எங்கே தொடுகிறீர்கள் என்று மச்சான் திருப்பிக் கேட்டார்.

அந்த வாரமே சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள்.