ஒட்டிய சிவப்புப் பட்டை

பொய்ப்பல் செய்வது அவர் தொழில். அவர் செய்த பல்லை மாட்டிக்கொண்டு சிரித்தால் கட்டின பெண்டாட்டிக்கே வித்தியாசம் தெரியாது. கூட்டாளிகள் அவரைப் பல்செட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். பொய்யை நிஜமாக்கிக் காட்டும் மனிதருக்கு, கையிலிருக்கும் நிஜக் காரை நிஜம் என்று நிரூபிக்க முடியவில்லை. என்ன கொடுமை பாருங்கள்.

கார் மாமனாருடையது. சின்ன நீலக் கார்தான். ஆனால் கம்பெனிக்காரன் பந்தயத்துக்கென்று பெரிய எஞ்சினை வைத்துக் கொஞ்சமே கொஞ்சம் விட்ட ரகம். திருடன் கண்ணில் படக்கூடாது என்று வண்டிமேல் ரகத்தின் பெயரும் வேண்டாம், அலங்காரமும் வேண்டாம் என்று சொல்லி மாமனார் மொட்டையாக எடுத்து வந்தார். பார்க்கிறவனுக்கு அது காய்கறி வாங்கப் போகிற கார். அவர் போய்ச் சேர்ந்த பிறகு மனைவி கேட்டது ஒன்றே ஒன்று.

"அப்பா காரை ஒரு தடவையாவது அந்த வரிசையில நிக்க வைங்க."

இந்த ரகத்துக் கார்ப் பைத்தியங்கள் வருஷா வருஷம் கூடும் மைதானத்தில், அசல் வண்டிகளுக்கென்று கயிறு கட்டி ஒரு வரிசை உண்டு. போன வருஷம் வாசலில் நின்றவன் இவர் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, வேடிக்கை பார்க்க வருகிறவர்களின் பார்க்கிங்குக்குக் கையைக் காட்டினான். அந்த எரிச்சல் பல்செட்டுக்கு வருஷம் முழுக்க அடங்கவில்லை. இந்த முறை, வரிசையில் நிற்கும் அசல் வண்டிகளில் இருப்பதைப் போலவே இரண்டு பக்கமும் பளிச்சென்று சிவப்புப் பட்டை ஒட்டினார்.

"அப்பா வேணாம்னுதானே விட்டாரு?" என்றாள் மனைவி.

"அவர் வேணாம்னதாலதான் நான் அசிங்கப்பட்டேன்."

வாசல்காரன் பட்டையைப் பார்த்ததும் வழிவிட்டான். வரிசையைப் பரிசோதிக்கும் மீசைக்கார நடுவரோ கிட்டேகூட வரவில்லை.

"நீலத்துல பட்டை வந்ததே இல்ல சார். சாதா வண்டியச் சோடிச்சுக் கொண்டு வந்திருக்கீங்க."

"பானெட்டைத் திறந்து பாருங்களேன்."

"பின்னாடி எத்தனை வண்டி நிக்குது பாருங்க. எடுங்க சார்."

மறுபடியும் அதே பார்க்கிங், அதே குப்பைத்தொட்டி ஓரம். யார்மேல் காட்டுவது இந்தக் கோபத்தை? பட்டையின் நுனியை நகத்தால் நெம்பி ஒரே இழுப்பாக இழுத்தார். கூடவே பெயிண்டும் உரிந்து வந்தது. மாமனார் ஞாயிற்றுக்கிழமைதோறும் துடைத்துத் துடைத்துக் காப்பாற்றிய பெயிண்ட். உள்ளே உட்கார்ந்திருந்த மனைவி கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தாள். இவர் வயிற்றெரிச்சலில் பானெட்டைத் திறந்துவைத்து, வருகிறவன் போகிறவன் எவனாவது பார்க்கட்டும் என்று நின்றார்.

கூட்டம் கலைந்ததும் நடுவரே தன் வண்டியைத் தேடி அந்தப் பக்கம் வந்தார். அன்று திருப்பி அனுப்பிய அத்தனை பேரில் இவர் முகம் அவருக்கு நினைவில்லை. போகிற போக்கில் எஞ்சினைப் பார்த்தவர் நின்றார். குனிந்து அதில் பொறித்திருந்த எண்ணைப் படித்தார்.

"அசல் சார் இது. மொட்டையா ஒண்ணு ரெண்டு வந்துச்சுன்னு கேள்விப்பட்டிருக்கேன், பார்த்ததில்ல." உரிந்த இடத்தைத் தடவினார். "அடப்பாவமே, எந்த முட்டாள் இதுல ஸ்டிக்கர் ஒட்டினான்?"

பல்செட்டின் வாய் அவரைக் கேட்காமலே திறந்தது.

"முன்னாடி வச்சிருந்தவர் சார்."

"விவரம் கெட்ட ஆளு. போகட்டும், அடுத்த வருஷம் வாங்க. வரிசையில முதல் இடம் உங்களுக்குத்தான்."

நடுவர் போய்விட்டார். காரின் கண்ணாடி இறங்கியேதான் இருந்தது. மனைவி கதவைத் திறந்து இறங்கி, காரைச் சுற்றி வந்து, சாவிக்காகக் கையை நீட்டினாள்.

"அந்தப் பக்கம் உட்காருங்க. எங்கப்பா வண்டிய நான் ஓட்டிக்கிறேன்."