அக்காவின் புள்ளடி

மடுல்சீமை மலைத் தேயிலைத் தோட்டத்தில் அக்கா வாழும் லயத்துக்கு, அந்த வரிசைக் குடியிருப்புக்கு, நான் ஆண்டில் இருமுறை போவதுண்டு. பொங்கலுக்கு ஒருமுறை, அம்மன் திருவிழாவுக்கு ஒருமுறை. தேர்தலின் பொருட்டு அங்கே போனது ஒரே ஒரு தடவைதான். அந்தப் பயணத்தைப் பற்றி எழுதாமலிருக்கவே விரும்பினேன். ஆயினும், பதுளையில் நான் தமிழ் கற்பிக்கும் பாடசாலையின் ஆசிரியர் அறையில் அண்மையில் பழைய கேள்வி மீண்டும் எழுந்தது.

"ஒங்க தோட்டத்து ஆளுங்க ஏன் சேர் இப்படி? காணி தாறேங்கிறவங்களுக்குப் போட மாட்டாங்க. தகரம் தாறவனுக்குத்தான் போடுவாங்க."

கேட்டவர் இளம் ஆசிரியர். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையான வருத்தத்தோடுதான் கேட்டார். இந்தக் கேள்விக்கு என்னிடம் நெடுங்காலமாக ஒரு விடை இருந்தது. அறியாமை, சாராயம், கூரைத் தகரம் என்று மூன்று சொற்களில் முடித்துவிடுவேன். லயத்தில் பிறந்து, லயத்தைவிட்டு வெளியேறி, நகரத்தில் சொந்த வீடு கட்டிக்கொண்டவன் அப்படிச் சொல்லும்போது கேட்பவர்கள் ஐயுறுவதில்லை. அன்று அந்த விடையைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஏன் எழவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அக்காவுக்கு வயது அறுபது. எங்கள் தாய் இருந்த அதே காம்பராவில், அதாவது லயத்தின் அதே ஒற்றை அறையில்தான், இன்னும் இருக்கிறாள். கணவர் இறந்துவிட்டார். மகளும் அவளோடு இருந்து கொழுந்து பறிக்கிறாள். மகளின் கணவன் கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்க்கிறான். அந்த லயத்தின் பின்சுவரில் கை நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு ஓடுகிறது. மண்சரிவைப் பற்றி ஆராய வந்த அதிகாரிகள் மலையை அளந்து பார்த்து, கதவுகள்தோறும் சிவப்பு மையால் ஒரு குறியிட்டு, இங்கே குடியிருக்கலாகாது என்று சொல்லிச் சென்றார்கள். வேறெங்கே குடியிருக்கலாம் என்பதை அவர்கள் சொல்லவில்லை. அதைச் சொல்லும் பொறுப்பு அவர்களுடையதும் அன்று.

அந்தத் தேர்தலில் ஒரு பெண் முதன்முறையாக நின்றார். அவரும் தோட்டத்தில் பிறந்தவர், மருத்துவமனையில் தாதியாகப் பணிபுரிந்தவர். சிவப்புக் குறியிட்ட லயங்களில் வாழும் குடும்பங்களுக்குச் சொந்தப் பெயரில் உறுதிப் பத்திரத்தோடு ஆளுக்கொரு துண்டுக் காணி என்பதைத் தவிர அவர் வேறெதையும் பேசவில்லை. எதிரே நின்றவர் பழைய தொழிற்சங்கத்தின் தலைவர்; அவருடைய தந்தையும் அதே சங்கத்தின் தலைவராக இருந்தவர். மகனார் அதிகாரத்தில் இருந்த காலத்தில் அந்தக் காணிக் கோப்பு மேசையைவிட்டு எழவே இல்லை. ஆகவே எனக்கு இதில் ஐயம் எதுவும் இருக்கவில்லை. துண்டுப் பிரசுரங்களைப் பையில் வைத்துக்கொண்டு, பசறை வழியாகப் பேருந்தில் போய் இறங்கி, பாதை பழுதான இடத்திலிருந்து நடந்தேன்.

இஸ்தோப்பில், லயத்தின் முன்தாழ்வாரத்தில், அக்காவின் மகள், என் மருமகள், விறகை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பொங்கலும் இல்ல, திருவிழாவும் இல்ல. மாமாவும் ஓட்டுக் கேக்கத்தான் வந்திருக்கீங்களா?"

"ஆமா."

"அப்ப தகரம் எங்க?"

உள்ளே ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்த அக்கா சிரித்தாள். "வாத்தியாரு தகரமா கொண்டாருவாரு? நோட்டீசு கொண்டாந்திருப்பாரு, பையப் பாரு."

பிரசுரங்களை வெளியே எடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஆயினும் பேசினேன். வெடிப்பைக் காட்டிப் பேசினேன். அதிகாரிகளின் குறியைக் காட்டிப் பேசினேன். உறுதி என்றால் என்ன, அது கையிலிருந்தால் தோட்டத்தை நடத்தும் துரை என்ன செய்ய முடியாது என்பதையெல்லாம் வகுப்பறையில் விளக்குவதுபோல் படிப்படியாக விளக்கினேன். அக்கா மாவை உருண்டையாக்கியபடி இறுதிவரை கேட்டாள்.

"நீ சொல்றது எல்லாஞ் சரிதான் தம்பி. அந்தப் புள்ள நல்ல புள்ள. இந்தா, இந்த எடத்துலதான் ஒக்காந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போச்சு. பொய் சொல்ற மொகம் இல்ல."

"அப்ப அந்தப் புள்ளைக்கே போடு."

"எனக்குப் போட ஏலாது."

"ஏன்?"

"ஏலாதுன்னா ஏலாதுதான்."

நான் பொறுமையை இழந்தேன். ஒரு தகரத்துக்காகத் தலைமுறையையே விற்கிறீர்கள் என்று சொன்னேன். சொன்ன அக்கணமே அச்சொல்லைத் திரும்பப் பெற விரும்பினேன். அக்கா பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"தகரமா? எந்திரிச்சுப் போயி எங்க கூரையப் பாரு. போன தடவ லயம் முழுக்கக் குடுத்தாங்க. நான் வாங்கல."

"வாங்கியிருந்தா ஒழுகாமயாவது இருந்திருக்கும்," என்றாள் மருமகள்.

"வாங்கியிருந்தா, தகரத்துக்குத்தான் போட்டேன்னு ஆயிரும்டி."

பிறகு, மகளை வெளியே அனுப்பாமல், குரலையும் தாழ்த்தாமல், எனக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தெரியாதிருந்த ஒன்றைச் சொன்னாள்.

எனக்குப் பத்தொன்பது வயதானபோது ஒரு நகரத்துப் பேருந்து நிலையத்தில் பாதுகாப்புப் படையினர் என்னைப் பிடித்துச் சென்றார்கள். தமிழ் இளைஞன் என்பதும், கையில் அடையாள அட்டை இல்லை என்பதும் அந்நாளில் போதுமான காரணங்களாக இருந்தன. பதினொரு நாள் உள்ளே இருந்தேன். அந்நாள்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. பன்னிரண்டாம் நாள் விடுவிக்கப்பட்டேன். என் பாடசாலை அதிபர் எழுதிய நற்சான்றுக் கடிதமே என்னை மீட்டது என்று வீட்டில் சொன்னார்கள். நானும் அதையே நம்பினேன். எழுத்தின் வலிமைக்குச் சான்றாக அக்கதையை என் மாணவர்களுக்குப் பலமுறை சொல்லியும் இருக்கிறேன்.

"அந்தக் கடுதாசிய அங்க யாரு படிச்சா?" என்றாள் அக்கா. "அம்மாவும் நானும் தெனம் போயி அந்த இரும்புக் கேட்டுக்கு வெளிய நின்னோம். தொரைக்கிட்டப் போனோம். அது தோட்டத்து விசயம் இல்லன்னுட்டாரு. கடைசியில இப்ப நிக்கிறவரோட அப்பாக்கிட்ட, பெரிய தலைவருக்கிட்டப் போனோம். ஏதோ கலியாணப் பந்தியில ஒக்காந்திருந்தாரு. அம்மா அழுகுறதப் பாத்துட்டு எலையில இருந்து எந்திரிச்சு வந்தாரு தம்பி. அன்னிக்கே ஒன்னைய வெளிய கொண்டாந்தாரு."

"ஓட்டுக் கேட்டாரா?"

"அவரு ஒண்ணுமே கேக்கல. நாங்கதான் குடுத்தோம். குடுக்க வேற என்ன இருந்துச்சு எங்கக்கிட்ட? கூடையக் குடுக்கிறதா, இடுப்புல கட்டுற படங்கக் குடுக்கிறதா? அப்பத்தான் நமக்கெல்லாம் ஓட்டு வந்திருந்துச்சு."

அது உண்மை. நாடற்றவர்கள் என்ற பெயரோடு இருந்த எங்கள் குடும்பத்துக்குக் குடியுரிமைப் பத்திரம் கிடைத்து அப்போது ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்தன. இந்த மண்ணில் எங்களுக்கென்று எழுத்தில் இருந்த ஒரே உடைமை அந்த வாக்குத்தான். நான் வீடு திரும்பிய மறுநாள் அம்மாவும் அக்காவும் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனார்கள். எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தவள் அக்காதான். இந்தக் காம்பராவில் உயிரோடு இருக்கும் எவருடைய புள்ளடியும், வாக்குச்சீட்டில் இடும் அந்தப் பெருக்கல் குறி, தலைவருடைய சங்கத்தின் சின்னத்துக்கே விழும் என்பது சத்தியம்.

"நான் பொறக்குறதுக்கு முந்தியே என் ஓட்டப் போட்டு முடிச்சிட்டாங்க மாமா," என்றாள் மருமகள். அவள் சிரித்தாள்; அக்காவும் சிரித்தாள். என்னால் முடியவில்லை.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அம்மாதான் சொல்லக் கூடாதுன்னுருச்சு. படிக்கிற புள்ள, மனசுல பாரமாயிரும்னு. ஒன்னைய அந்தச் சத்தியத்துலயும் சேக்கல. நீ வெளிய போயிறணும்னுதானே எல்லாமே."

நான் ஆசிரியன், விவாதிக்காமல் இருக்க எனக்குத் தெரியாது. உதவியவர் இறந்துவிட்டார், அவருடைய மகனுக்கு நாம் கடமைப்பட்டவர்கள் அல்லர், இத்தனை தேர்தல்களில் அந்த நன்றி தீர்ந்துவிட்டது என்றெல்லாம் சொன்னேன்.

"நானும் அத யோசிச்சேன். ஆனா அம்மனுக்கு முன்னால நான் ஆளச் சொல்லல தம்பி, சின்னத்தத்தான் சொன்னேன். அதுதான் நான் செஞ்ச தப்பு. ஆளச் சொல்லியிருந்தா அவரு செத்த அன்னிக்கே தீந்திருக்கும்."

ரொட்டியைக் கல்லில் போட்டாள்.

பதுளையில் என் வாக்குச்சாவடி வீட்டுக்கு அருகிலேயே இருந்தது. நீண்ட வாக்குச்சீட்டை மறைப்புக்குள் விரித்து வைத்தேன். தாதிப் பெண்ணின் சின்னம் கீழே இருந்தது. பழைய சின்னம் மேலே இருந்தது. யாருக்கு இடுவதென்று முடிவுசெய்தே வந்திருந்தேன். என்னைக் கட்டும் சத்தியம் எதுவும் இல்லை. என் வீட்டுச் சுவரில் வெடிப்பும் இல்லை. ஆனால், அந்த வீடு, அதற்கு முன் கிடைத்த வேலை, அதற்கு முன் கிடைத்த படிப்பு, அதற்கும் முன் எனக்குத் திரும்பக் கிடைத்த உடம்பு ஆகிய அனைத்துக்கும் வேறொருத்தி முப்பது ஆண்டுகளாகத் தன் உரிமையைக் கொடுத்துவந்திருக்கிறாள் என்ற நினைவு பென்சிலைப் பிடித்த கையில் வந்து அமர்ந்தது. அவள் சுமந்ததை ஒருமுறையாவது நானும் சுமக்க வேண்டும் என்று அந்த நொடியில் தோன்றியது. பழைய சின்னத்துக்கு எதிரே புள்ளடியிட்டேன். வெளியே வந்தபோது ஏதோ கடமையை நிறைவேற்றியவனைப்போல் நிமிர்ந்து நடந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

தாதிப் பெண் தோற்றார். என் ஒரு வாக்கு அவரை வெல்லச் செய்திருக்காது. கணக்கின்படி நான் குற்றமற்றவன்.

அவ்வாண்டு மழை நிற்காமல் பெய்தது. ஒரு நண்பகலில், கொழுந்து நிறுக்கும் வேளையில், லயத்துக்குப் பின்னிருந்த மேடு இறங்கி வந்தது. எல்லாரும் நிறுவையிடத்தில் இருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. கடைசி இரண்டு காம்பராக்கள் முழுதாகப் புதைந்தன; மூன்றாவது அக்காவினுடையது, அதில் அடுப்படி மட்டும் போயிற்று. பாதை திறந்ததும் போனேன். எல்லாரையும் தோட்டப் பாடசாலையில் தங்கவைத்திருந்தார்கள். மாணவர்கள் உட்காரும் வாங்குகளை ஓரத்தில் அடுக்கி, சேலைகளைக் கட்டிக் குடும்பம் குடும்பமாகப் பிரித்திருந்தார்கள். அக்கா ஒரு மூலையில் தகரப்பெட்டியொன்றின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

என்னோடு வந்துவிடும்படி அழைத்தேன். "நாலு நாளைக்கு வரலாம். அதுக்கப்பறம்?" என்றாள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால், அவளுடைய துயரத்தில் எனக்கும் பங்குண்டு என்று காட்டிக்கொள்ளும் ஆசை எனக்கு இருந்தது.

"நானும் பழைய சின்னத்துக்குத்தான் போட்டேன் அக்கா."

அவள் உடனே நிமிர்ந்தாள்.

"என்னா சொன்ன?"

மறுபடியும் சொன்னேன்.

"நீ எதுக்குடா போட்ட? சூடம் அடிச்சவ நான். நீ எங்கடா அடிச்ச?"

"ஒனக்காகத்தான் அக்கா."

"எனக்காகன்னா அந்தப் புள்ளைக்கில்ல போட்டிருக்கணும்!" அவள் குரல் உயர்ந்தது; அடுத்த சேலைக்கு அப்பால் பேச்சு நின்றது. "என் கைதான் கட்டிக் கெடக்கு. என் தம்பி கை சும்மாதானே இருக்கு, அவன் படிச்சவன், அவன் எங்க எல்லாருக்குஞ் சேத்து அந்தப் புள்ளைக்குப் போட்டுருவான்னு நெனச்சுத்தான் அன்னிக்கி நிம்மதியாப் போயி அதுல புள்ளடி போட்டேன். அத்தன தூரம் நடந்து வந்து எனக்கு வெளக்குனியேடா."

"விடும்மா," என்றாள் மகள். "மாமாவோட ஒரு ஓட்டுல மலை நிக்கவா போகுது?"

"ஒரு ஓட்டுதான்டி. எனக்குன்னு சும்மா கெடந்தது அது ஒண்ணுதான்."

அவள் அழவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். சற்று நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே, எனக்குத் தேத்தண்ணீர் கொடுக்கும்படி மகளிடம் சொன்னாள்.

தோட்டத்து மக்கள் ஏமாறுகிறார்கள் என்றே நாங்கள் நகரத்திலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறோம். அக்கா ஏமாறவில்லை. தான் எதை இழக்கிறாள் என்பதை என்னைவிடத் தெளிவாக அறிந்திருந்தாள். இழப்பை ஈடுசெய்ய ஒரு வழியையும் தனக்குள் வகுத்து வைத்திருந்தாள். அந்த வழி நான்தான் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

வெள்ளிக்கிழமை மழை விட்டது. பாடசாலையைத் திறக்க வேண்டியிருந்ததால், இடியாமல் எஞ்சிய காம்பராக்களுக்குத் திரும்பும்படி எல்லாரிடமும் சொல்லப்பட்டது. காணி பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அக்காவின் பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன். அவள் மறுக்கவில்லை. சேற்றில் கால் பார்த்து வைத்து, எனக்கு முன்னால் ஏறிப் போனாள்.