லைனைக் காலி செய்துவிட்டு வந்தவன்

நான்கு கட்டடங்கள், நூற்று அறுபது வீடுகள், அத்தனைக்கும் ஒரே ஒரு பிளம்பர். நாற்பத்தாறு வயதான அந்த மனிதனை அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எந்தக் குழாய் ஒழுகினாலும் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு "வாஷர் போயிருக்கும்" என்பான். பத்துக்கு ஏழு தடவை வாஷர்தான் போயிருக்கும். மீதி மூன்று தடவையும் அவன் அதையேதான் சொல்வான். கடைசியில் அவனுக்கே வாஷர் என்று பெயர் நிலைத்துவிட்டது. அவன் மனைவிகூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள்.

வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. எந்தத் திருகை முடுக்கினாலும் அதன் தலையில் உள்ள வெட்டு மேலும் கீழுமாக நேராக நிற்க வேண்டும் என்பது அவன் பிடிவாதம். கோணலாக நின்றால் "இருக்கட்டும், பத்திரம்" என்று இன்னொரு கால் சுற்று முடுக்கி நேராக்குவான். வாயில்தான் கொஞ்சம் கோளாறு. நுழைவாசல் காவலாளியின் மேசையில் புகார் நோட்டு ஒன்று இருக்கும். வீட்டுக்காரர்கள் குறையை எழுதினால், எதிரே உள்ள கட்டத்தில் வாஷர் பதில் எழுத வேண்டும். அதில் பாதிக்கு மேல் ஒரே வரிதான்: "பார்த்தேன். சரியாக உள்ளது."

"நேத்து முழுக்க சத்தம் போட்டுதுங்க, நீங்க வந்தா மட்டும் போட மாட்டேங்குது" என்று யாராவது சொன்னால் போதும், அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "அப்ப என்ன, குழாய்க்கு என்னைக் கண்டா பயமா?" என்பான். வேலை வெட்டி இல்லாதவர்களுக்குத்தான் குழாய்ச் சத்தம் கேட்கும் என்பது அவன் கண்டுபிடிப்பு.

இந்தக் கண்டுபிடிப்பில் அதிகம் அடிபட்டவள் மூன்றாம் கட்டடத்து நான்காம் மாடித் தையல் அக்கா. சமையலறைக் குழாய் முனகுகிறது என்று நான்கு முறை எழுதினாள். நான்கு முறையும் போனான். குழாயைத் திறந்து, முப்பது எண்ணி, மூடினான். முனகலும் இல்லை, முக்கலும் இல்லை. நான்காவது முறை, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "குழாய் நல்லாத்தான் இருக்குக்கா. நாள் பூரா மிஷின் சத்தத்துல இருக்கீங்க இல்ல, காதை ஒருதரம் காட்டிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தான். அக்கா வாயில் நாலைந்து குண்டூசிகள் இருந்ததால் பதில் சொல்லவில்லை.

பிறகு அவன் முறை வந்தது.

முதலில் சாப்பாட்டுக்குப் பிறகு மேல்வயிற்றில் லேசான பிடிப்பு. இரண்டே மாதத்தில், எதைத் தின்றாலும் சரியாக இருபதாவது நிமிடத்தில் உள்ளேயிருந்து யாரோ ஸ்பேனர் போட்டு முறுக்குவது போன்ற வலி. சாப்பிட்டால்தானே வலிக்கிறது என்று சாப்பாட்டைக் குறைத்தான். ஒரு நாள் முதல் மாடியில் சிங்க்குக்கு அடியில் முழங்காலை நெஞ்சோடு ஒட்டிக் குந்தியிருந்தபோது வலி சட்டென்று தணிந்தது. அன்றிலிருந்து மதியச் சாப்பாடு சிங்க்குக்கு அடியில்தான், அது எந்த வீட்டு சிங்க்காக இருந்தாலும் சரி. ஒரு வீட்டம்மா பாத்திரம் எடுக்கக் கதவைத் திறந்தவள், உள்ளே கையில் ரொட்டியோடு ஒரு மனிதன் சுருண்டிருப்பதைப் பார்த்து அலறிய அலறலில் எதிர்வீட்டுக்காரர் ஓடி வந்துவிட்டார். "ஒழுகுதான்னு பாக்கறேன்" என்று வாஷர் ரொட்டியை மென்றபடி சொன்னான்.

இடுப்பில் கால்சட்டை நிற்கவில்லை. வேறு வழியில்லாமல் தையல் அக்காவிடமே கொண்டுபோனான். அவள் குழாய்ப் பேச்சையே எடுக்கவில்லை. டேப்பை இடுப்பில் சுற்றி, நோட்டில் முப்பத்தாறு என்று எழுதி, பிடித்துக் கொடுத்தாள். அடுத்து முப்பத்து நாலு. அதன்பின் முப்பத்து ரெண்டரை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதி.

வாஷர் டாக்டரிடம் போகாமல் இல்லை. மூன்று பேரிடம் போனான். ஆனால் போன விதத்தில்தான் பிசகு. குழாயைச் சரிபார்க்க ஒருவர் வருகிறார் என்றால் மெயின் வால்வை அடைத்து, குழாய் லைனைக் காலி செய்து வைப்பதுதான் மரியாதை என்று இருபத்தைந்து வருடமாக நம்புகிறவன் அவன். அதே மரியாதையை டாக்டர்களுக்கும் காட்டினான். யாரும் சொல்லாமலேயே, முந்தின நாளிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்து, வயிற்றைச் சுத்தமாகத் துடைத்துவைத்த தொட்டியாக்கிக்கொண்டு போவான். காலி வயிற்றில் வலி எங்கிருந்து வரும்? முதல் டாக்டர் அமுக்கிப் பார்த்து, வாயு என்றார். இரண்டாமவர் தொண்டை வழியாக கேமராவை விட்டுப் பார்த்து, உள்ளே பளிச்சென்று இருக்கிறது என்றார். இரண்டு பேரும் காகிதத்தில் 'நார்மல்' என்றுதான் எழுதினார்கள்.

"இங்க வந்தா மட்டும் வலிக்க மாட்டேங்குது டாக்டர்" என்று வாஷர் சொன்னான். சொன்ன பிறகு, இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று ஒரு கணம் தோன்றியது. அப்போதைக்கு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாவது டாக்டர் வயிற்றைத் தொடக்கூட இல்லை. "வீட்டுல எதுவும் பிரச்சினையா?" என்று கேட்டார். பக்கத்தில் அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில், தன் காலடியில் தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு பதினாறு வருடம் ஓட்டியவள். எங்கே விபரீதம் என்று பட்டாலும் அவள் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். அன்று அழுத்திய அழுத்தலில் நாற்காலியே பின்னால் நகர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தாள். "என் சமையல் பிடிக்கலைன்னா நேரா சொல்லித் தொலைங்க. ஊரெல்லாம் போயி வயிறு வலின்னு எதுக்கு நடிக்கணும்?"

"நடிக்கிறேனா?"

"மூணு டாக்டரும் ஒண்ணும் இல்லைங்கறாங்க. நீங்க ஒருத்தர்தான் இருக்குங்கறீங்க."

அவளுடைய தம்பி வேறு வந்து எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினான். "மாமா, எல்லாம் மனசுதான். வலி இல்லைன்னு நெனைச்சுக்குங்க, வலிக்காது" என்றான். அவன் தட்டில் மூன்றாவது முறையாக உருளைக்கிழங்கு விழுந்துகொண்டிருந்தது. வாஷருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வலியைக்கூடப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளலாம், சொந்த வீட்டில் பொய்யனாக உட்கார்ந்திருப்பதுதான் பொறுக்க முடியவில்லை. எழுந்து போய்த் தன் வீட்டு சிங்க்குக்கு அடியில் உட்கார்ந்துகொண்டான். கொஞ்சம் அழுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குழாய் ஒழுகியதாக யாரும் தப்பாக நினைக்கக் கூடாது.

மனைவியை மாற்றியது டாக்டர் அல்ல, டேப்பு. தன் சீருடையில் பிரிந்த தையலைப் போடச் சொல்லித் தையல் அக்காவிடம் போனவளிடம், அக்கா தானாகவே நோட்டைத் திறந்து நீட்டினாள்.

"பதினாலு மாசம். முப்பத்தாறுலேந்து இருபத்தொன்பது. இனிமே பிடிக்க அந்தக் கால்சட்டையில துணி இல்லம்மா. பாக்கெட்டு ரெண்டும் பின்னாடி போய் ஒட்டிக்கிச்சு."

"எல்லாரும் ஒண்ணும் இல்லைன்னுதான்க்கா சொல்றாங்க."

"சொல்றவங்க சொல்லட்டும். நடிக்கிறவன் மூஞ்சியில நடிப்பான். இடுப்புலயா நடிப்பான்?"

மனைவி சீருடையை அங்கேயே மறந்து வைத்துவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். வந்து மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அது அவள் வழக்கம் இல்லை. "நாளைக்கு வேற டாக்டர். கிளம்புங்க" என்றாள்.

நான்காவது டாக்டர் ஒரு அம்மாள், அறுவை சிகிச்சை செய்பவர். சளி பிடித்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். நோட்டின் எண்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் படித்தார். பிறகு நிமிர்ந்து, "எப்ப வரும்?" என்று கேட்டார்.

வாஷர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். பதினாலு மாதத்தில் யாருமே கேட்காத கேள்வி. எங்கே வலிக்கும் என்றார்கள், எப்படி வலிக்கும் என்றார்கள். எப்போது என்று ஒருவரும் கேட்கவில்லை. "சாப்பிட்டு இருபதாவது நிமிஷம்" என்றான்.

"இன்னைக்குச் சாப்பிட்டீங்களா?"

"இல்லீங்க. லைனைக் காலி பண்ணிட்டுத்தான் வந்திருக்கேன்."

டாக்டரம்மா அவனை ஒரு மாதிரி பார்த்தார். "மத்த டாக்டர்கிட்ட போனப்பவும் இப்படித்தானா?"

"எல்லார்கிட்டயும். ஒரு சொட்டு இருக்காது" என்று பெருமையாகச் சொன்னான்.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டரம்மா, "வெளிய போய் நல்லா சாப்பிட்டுட்டு வாங்க. நான் எங்கயும் போகல" என்றார்.

ரொட்டியும் இரண்டு முட்டையும் தின்றுவிட்டு வந்து உட்கார்ந்தான். சுவர்க் கடிகாரத்தை மூன்று பேருமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்தொன்பதாவது நிமிடம் வரை ஒன்றும் இல்லை. "இன்னைக்குன்னு பாத்து வராமப் போயிடுமோ" என்று வாஷர் புலம்பினான். வலி வரவேண்டுமே என்று வேண்டிக்கொண்ட முதல் நோயாளி அவனாகத்தான் இருப்பான். இருபத்திரண்டாவது நிமிடம், வந்தது. நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் குந்தினான். டாக்டரம்மாவும் கூடவே தரையில் உட்கார்ந்து, மார்புக்குழியில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார்.

"மூச்ச முழுசா வெளிய விடுங்க. அப்படியே நிறுத்துங்க."

அவர் முகம் மலர்ந்தது. தன் காதிலிருந்த ஸ்டெதாஸ்கோப் முனைகள் இரண்டையும் கழற்றி அவன் காதிலேயே மாட்டினார். வாஷர் கேட்டான். ஷ்ஷ், ஷ்ஷ் என்று, இடுக்கில் பீறிக்கொண்டு போகும் ஓட்டம். இருபத்தைந்து வருடத் தொழில் அது, அவனுக்கா தெரியாது?

"பாதி மூடின வால்வு!" என்று வலியோடு வலியாகக் கத்தினான்.

சத்தத்தை மட்டும் நம்பாமல், மூச்சை இழுக்கச் சொல்லியும் விடச் சொல்லியும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் டாக்டரம்மா உறுதியாகச் சொன்னார். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு தசைத் திரை. அதன் நார்ப்பட்டை ஒன்று, வயிற்றுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் மேல் உட்கார்ந்து அமுக்குகிறது. மூச்சை விடும்போது இன்னும் அதிகமாக அமுக்கும். மிக அபூர்வமான கோளாறு.

"அப்ப பைப்பு நல்லா இருக்கு. மேல போட்ட கிளாம்ப்பைத்தான் எவனோ கண்ணுமண்ணு தெரியாம இறுக்கி வெச்சிருக்கான்" என்றான் வாஷர்.

"அப்படியும் சொல்லலாம்."

"எவன்னு மட்டும் தெரிஞ்சா..." என்று ஆரம்பித்தான். மனைவியின் கால் தரையை அழுத்தியது. நிறுத்திக்கொண்டான்.

நோய் இருக்கிறது என்று தெரிந்ததும் ஒரு மனிதன் இவ்வளவு சந்தோஷப்பட்டு அந்தக் குடியிருப்பு பார்த்ததில்லை. ஸ்கேன் படத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு, காவலாளி முதல் எல்லோரிடமும் காட்டினான். மச்சானிடம் இரண்டு முறை காட்டினான். "இது மனசா? நல்லாப் பாரு, இது மனசா?"

அறுவை சிகிச்சையில் பட்டையை அறுத்துவிட்டார்கள். எல்லாம் பறந்துவிடும் என்று டாக்டரம்மா முன்பே வாக்குக் கொடுக்கவில்லை, பறக்கவும் இல்லை. ஒரேயடியாக ஒரு பிடி பிடிக்க முடியாது. ஆறு வேளை, சிறு கிண்ணம். சில நாள் இப்போதும் பிடிப்பு வரும், குந்திக்கொள்வான். ஆனால் குந்தினால் மனைவியும் பக்கத்தில் குந்திக்கொள்கிறாள்.

வேலைக்குத் திரும்பிய அன்று புகார் நோட்டைப் புரட்டினான். தன் கையெழுத்து வரிசையாக நின்றது. பார்த்தேன், சரியாக உள்ளது. பார்த்தேன், சரியாக உள்ளது. டாக்டர்கள் எழுதிய 'நார்மல்' கண்ணில் வந்து நின்றது. வாஷர் நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மூன்றாம் கட்டடத்து நான்காம் மாடிக்கு நேராகப் போனான்.

"அக்கா, அந்தச் சத்தம். எப்ப வரும்?"

தையல் அக்கா மிஷினை நிறுத்திவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள். "வெட்டறதுக்கு முன்னாடி புதுத் துணியை வெந்நீர்ல ஊற வெப்பேன். வெந்நீர் விட்டு பத்து நிமிஷம் போனா முனகும்."

அவன் நான்கு முறையும் திறந்தது பச்சைத் தண்ணீரை. அதுவும் முப்பது எண்ணும் நேரம்.

வெந்நீரைத் திறந்துவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். பதினோராவது நிமிடம், சுவருக்குள் யாரோ வயிற்று வலியில் புரளுவது போல, ஈனமாக, நீளமாக ஒரு முனகல் கேட்டது. வாஷர் பாய்ந்து போய் அலமாரியை நகர்த்தினான். பின்னால் வெந்நீர்க் குழாய். சூட்டில் நீள வேண்டிய குழாயை நகரவிடாமல், அதைச் சுவரோடு பிடிக்கும் கிளாம்ப் கவ்விக்கொண்டிருந்தது. முட்டாள்தனமான இறுக்கு. எவன் போட்டான் இதை என்று வாய்வரை வந்துவிட்டது.

திருகின் வெட்டு மேலும் கீழுமாக, நூல் பிடித்தது போல நேராக நின்றது.

வாஷர் கொஞ்ச நேரம் அப்படியே குந்தியிருந்தான். வயிற்றில் வலி இல்லை, ஆனாலும் குந்தியிருந்தான். பிறகு கால் சுற்று தளர்த்தினான். முனகல் நின்றது.

"அக்கா, இது நான் போட்டது" என்றான். "உங்க காதுல கோளாறுன்னு வேற சொல்லிட்டேன்."

"ஆமா. நானும் காது டாக்டர்கிட்ட போனேன்" என்றாள் அக்கா. "ரெண்டு தடவை. நார்மல்னு எழுதிக் குடுத்தாரு. அப்புறம்தான் எனக்கு பயமே வந்துச்சு. காதுல ஒண்ணும் இல்ல, குழாய்ல ஒண்ணும் இல்ல, அப்ப எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு."

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மிஷின் பலகையில் நோட்டை விரித்து, அவள் பென்சிலாலேயே எழுதினான்: "குறை இருந்தது. என் தவறு." பிறகு பக்கங்களைப் பின்னால் புரட்டி, அந்த நான்கு 'சரியாக உள்ளது' வரிகளையும் அடித்து, ஒவ்வொன்றின் கீழும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

அக்கா டேப்போடு வந்து அவன் இடுப்பில் சுற்றினாள். வாஷர் பழக்க தோஷத்தில் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

"பிடிச்சுக்காதீங்க தம்பி, அளவு தப்பா வரும். விடுங்க."

விட்டான். முழுவதும் விட்டான். வலிக்கவில்லை.

"முப்பத்தொண்ணு" என்று அக்கா தன் நோட்டில் எழுதினாள்.